பதினொன்று என்றால் பதினொன்று

விருந்து ஒரு மணிக்கு என்றால் அழைப்பில் பதினொரு மணி என்று போட வேண்டும். மக்காரியோ மதராங் தம் எழுபத்தொன்பது வயதுக்குள் கண்டறிந்த உலக நியதிகளில் இதுவும் ஒன்று. இலோக்கோஸிலிருந்து கிளம்பி வந்து இந்த ஸ்டாக்டன் நகரத்தில் வேர்விட்ட பிலிப்பைன்ஸ் ஜனங்களை அவருக்குத் தலைகீழாகத் தெரியும். பதினொன்று என்று போட்டால் பன்னிரண்டுக்குத்தான் இஸ்திரிப் பெட்டியைத் தேடுவார்கள். பன்னிரண்டரைக்கு, யாராவது போய்ச் சேர்ந்தார்களா என்று ஒருவருக்கொருவர் போன் போட்டு வேவு பார்ப்பார்கள். முதல் ஆளாகப் போய் நிற்பது சோற்றுக்கு அலைந்தவன் செய்கிற காரியம் என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு புகட்டப்பட்ட பாடம். பிறகு ஒரு மணிக்குமேல் திருவிழாக் கூட்டம்போல் எல்லாக் கார்களும் ஒன்றாக வந்து நிற்கும்.

ஆகவே தங்கை லியோனோராவின் வருஷ நினைவுக்கும் பதினொன்று என்றே போடச் சொல்லியிருந்தார்.

அன்று கறுப்பு களைகிற நாள். செத்தவர்களுக்காக ஒரு வருஷம் கறுப்பு உடுத்திய குடும்பம், காலையில் மாதா கோவிலில் பூசை முடித்து, கறுப்பைக் கழற்றி, ஊரைக் கூட்டி விருந்து வைக்கும். அன்றோடு அழுகை முடிந்தது. அழுகிற முகத்தோடு யாராவது வந்தால் வீட்டாருக்கு அவமரியாதை. லியோனோராவின் மகள் மிந்தா, பூசை முடிந்த கையோடு கோவில் கழிப்பறையிலேயே மஞ்சள் கவுனுக்கு மாறி, கூட்டிலிருந்து தப்பித்த கிளி மாதிரி வெளியே வந்தாள். ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கும் அவளுக்கு அன்று நாற்பத்து நான்கு வயது என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது மணி பத்தே முக்கால். ஊர்ச்சங்கத்துக் கூடத்தில் மேஜைகளுக்கு விரிப்புகூடப் போட்டாகவில்லை. மக்காரியோ பனியனும் ரப்பர் செருப்புமாக ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று தங்கையின் படத்தை நேராக்கிக்கொண்டிருந்தார். பூவேலை செய்த அவருடைய பாரோங் சட்டை, கசங்கிவிடாதபடி பிளாஸ்டிக் உறையோடு பின்பக்க ஜன்னல் கம்பியில் தொங்கியது. அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. ஒலிபெருக்கியில் தாம் பேசப்போகும் முதல் வரியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

'என் தங்கை இந்த மண்ணில் கால் வைத்த முதல் நாளிலிருந்தே டீச்சர்.'

அந்த வரியை அவர் நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறார். அதில் ஒரு ஏழு வருஷம் இடித்தது.

ஊரில் லியோனோரா டீச்சர்தான். அவளைப் படிக்க வைக்கத் தகப்பனார் ஆற்றோரத்து வயலை விற்றார். ஆனால் ஊர்ச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் ஒன்றின் சமையல்கட்டில், தலைக்கு வலை மாட்டிக்கொண்டு, மதியச் சாப்பாட்டு ஜன்னலில் கரண்டி பிடிக்கும் வேலைதான் கிடைத்தது. மக்காரியோ வீட்டுக்கு எழுதினார்: 'லியோனோரா பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.' அதில் பொய் ஒன்றும் இல்லை. தகப்பனார் அதை ஊர் முழுக்கப் படித்துக் காட்டினார். அந்த நிமிஷத்திலிருந்து அது குடும்பத்தின் மானமாகிவிட்டது. பிற்பாடு அவள் பரீட்சை எழுதி, உண்மையாகவே வகுப்பறைக்குப் போய், இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றாள். நடுவில் இருந்த ஏழு வருஷத்தை மக்காரியோ தம் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு இன்றுவரை வளையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைக்கு மட்டும் அந்த வரி பிசகாமல் நின்றுவிட்டால் போதும். அப்புறம் யார் தோண்டப் போகிறார்கள்?

தோண்டக்கூடிய ஒருத்தி கூடத்திலேயே இருந்தாள். சங்கத் தலைவி ஸெனைடா, கையில் சாவிக்கொத்தோடு, சங்கத்து நாற்காலிகளை யாரும் இழுத்துக் கீறிவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு, மூன்று தெரு தள்ளி வேகிற கருவாட்டை எந்த மீன் என்று சொல்லிவிடும்.

"மானோங், அந்தப் படம் நேராத்தான் இருக்கு. சுவருதான் கோணல். எறங்குங்க, விழுந்து வச்சா இன்னொரு வருஷம் கறுப்புப் போடணும்" என்றாள். மானோங் என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்.

"தலைவரம்மா, சங்கத்துச் சுவரு கோணல்னு நீங்களே ஒத்துக்கிட்டதுக்கு நன்றி" என்றார் மக்காரியோ, இறங்காமல்.

அப்போதுதான் வாசல் ஜன்னல் பக்கம் போன மிந்தா திரும்பி வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பா திகிலா என்று பிரித்தறிய முடியாத ஒன்று இருந்தது.

"அங்கிள், கொஞ்சம் வெளிய எட்டிப் பாருங்க."

"சுட்ட பன்னி வந்துட்டுதா?"

"பன்னி வரல. மனுஷங்க வந்துட்டாங்க."

"எத்தனை பேரு?"

"கார் நிறுத்துற எடம் ரொம்பித் தெருவுல நிக்கிறாங்க."

"நம்மாளுங்களா?"

"நம்மாளுங்க இந்நேரத்துக்கு எந்திரிச்சிருப்பாங்களா அங்கிள்? எல்லாம் அம்மாகிட்டப் படிச்ச பசங்க. நெட்டுல அம்மா படத்தப் போட்டு, எல்லாரும் வாங்கன்னு எழுதியிருந்தேன். பத்து இருபது பேர் வருவாங்கன்னு நெனச்சேன்."

மக்காரியோ நாற்காலியிலிருந்து இறங்கி வாசல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஜூன் மாத வெயிலில், கூடத்தின் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் இரட்டை வரிசை. கறுப்பர்கள், மெக்ஸிகோக்காரர்கள், கம்போடியர்கள், மலைநாட்டு மோங் ஜனங்கள், வெள்ளைக்காரர்கள். நரை விழுந்தவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள், தீயணைப்பு உடுப்போடு ஒரு ராட்சதன். ஒருவரும் வரிசையை விட்டு விலகவில்லை. ஒருவரும் கதவைத் தட்டவும் இல்லை.

"எதுக்குத் தட்டாம நிக்கிறாங்க?" என்று கிசுகிசுத்தார்.

"மணி ஆகலையே. அம்மா வகுப்புல மணியடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள வரக் கூடாது. அடிச்சப்புறமும் வரக் கூடாது. பதினொண்ணுன்னா பதினொண்ணு."

மக்காரியோவுக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. தம் ஜனங்களைத் தாமதம் பண்ணுகிறவர்களாக வைத்துக் கணக்குப் போட்டாரே தவிர, தங்கை வளர்த்த ஜனங்களை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சட்டையை எடுக்கப் பின்பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தார். அதற்குள் வெளியே யாருடைய கடிகாரமோ கிணுகிணுத்தது. உடனே மூன்று தட்டு. மிந்தா கதவைத் திறந்துவிட்டாள்.

"உள்ள வரலாமா?" என்று ஐம்பது குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

முன்னால் நின்ற ஆள் உள்ளே வந்து, பனியனோடு நின்ற கிழவரைப் பார்த்தார். மரியாதையாகக் குனிந்து, அவருடைய வலது கையைப் பிடித்துத் தம் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பெரியவர்களைக் கண்டால் இலோக்கானோப் பிள்ளைகள் செய்கிற வணக்கம் அது. பின்னால் வந்த மெக்ஸிகோக்காரியும் அப்படியே செய்தாள். அவளுக்குப் பின்னால் தீயணைப்பு ராட்சதன், முட்டி மடக்கி, தலையை மக்காரியோவின் இடுப்பளவுக்குக் கொண்டுவந்து கையை நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"உங்களுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார் மக்காரியோ, திகைத்துப் போய்.

"டீச்சர்தான் சார். பெரியவங்க கை நெத்தியில பட்டா பரீட்சையில பாஸுன்னு சொல்வாங்க."

கை கொடுக்கிற பெரியவர் நடுவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அது முறை. ஆகவே மதராங் குடும்பத்தின் மூத்த ஆண்பிள்ளை, அக்குளில் ஓட்டை விழுந்த பனியனும் ரப்பர் செருப்புமாக, வரிசை முழுக்க வந்து முடிகிற வரையில் அங்கேயே நட்டுவைத்த கம்பம்போல் நின்றார். பாரோங் சட்டை எட்டாத தூரத்தில் காற்றில் ஆடியது. அவமானத்தில் காது சிவந்தாலும் அவர் முதுகு ஒரு நூல் வளையவில்லை. போதாததற்கு, இவ்வளவு நெற்றிகள் தம் கைக்கு வருவதைப் பார்க்க நெஞ்சுக்குள் ஏதோ குதித்தது. அதை அடக்க அவர் ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது.

ஸெனைடா சுவரோரம் நின்று முழுக்காட்சியையும் பார்த்தாள். "சட்டை எடுத்தாரட்டுமா மானோங்?" என்றாள் இனிமையாக. ஆனால் எடுத்து வரவில்லை.

வரிசை ஓய்ந்ததும் மக்காரியோ மிந்தாவின் போனைப் பிடுங்கினார். பன்றி சுடும் பண்ணைக்குப் போயிருந்த தம்பி மகன் போயெட்டைக் கூப்பிட்டார்.

"எங்கடா இருக்க?"

"பண்ணையிலதான் அங்கிள். இப்பதான் தோலு செவக்க ஆரம்பிச்சிருக்கு. சும்மா கண்ணாடி மாதிரி வரப் போகுது பாருங்க!"

"கண்ணாடியும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம். ஜனங்க வந்துட்டாங்கடா!"

"விளையாடாதீங்க அங்கிள். மணி பதினொண்ணேகால்தானே ஆகுது."

"பதினொண்ணுக்குத்தான் கூப்பிட்டோம்!"

"பதினொண்ணுன்னா ஒண்ணுதானே? நீங்கதானே அங்கிள் சொல்லிக் குடுத்தீங்க?"

மக்காரியோ போனை அணைத்தார். கூடத்தில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்தன. சமையலறையில் இருந்தது ஒரு பெரிய பானைச் சோறும் காபியும் மட்டும். மற்றப் பலகாரங்கள் எல்லாம் சொந்தக்காரர்களின் வீடுகளில் இன்னும் அடுப்பைவிட்டு இறங்காமல் இருந்தன. மதராங் வீட்டு வாசலை மிதித்தவன் வெறும் வயிற்றோடு நின்றான் என்று மூன்று தலைமுறையில் ஒருவனும் சொன்னதில்லை.

"அங்கிள், சோறையாவது போட்டுடலாமா?" என்றாள் மிந்தா.

"படையல் போடாமயா?"

அதுதான் முடிச்சு. செத்தவளுக்கு முதல் தட்டு வைக்காமல் இருக்கிறவர்கள் வாயில் ஒரு பருக்கை போகக் கூடாது. மதராங் வீட்டுப் படையலில் பன்றியின் காதும் முறுகிய தோலும் இருந்தாக வேண்டும். தகப்பனார் வைத்த சட்டம் அது. பன்றியோ இன்னும் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஸெனைடா பக்கத்தில் வந்தாள். "மதராங் வீட்டு விருந்துல ஜனங்க வாயக் கட்டிக்கிட்டு நின்னாங்கன்னு ஊருல போய்ச் சொன்னா, எவன் மானோங் நம்புவான்? நானே படம் புடிச்சுக் காட்டினாத்தான் உண்டு."

"புடிங்க. ஆனா என்னப் பனியனோட புடிச்சீங்க, அடுத்த தேர்தல்ல எதிர்த்து நிப்பேன்."

அந்த நேரம் பார்த்து, வரிசையில் முதலாவதாக அவர் கையை நெற்றியில் ஒற்றிய ஆள் வெளியே போய், இளஞ்சிவப்பு அட்டைப் பெட்டிகளைக் கழுத்துயரம் அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டு ஐம்பது வயதிருக்கும். முன்மண்டை வழுக்கை. சட்டைக் கையில் சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தது.

"சார், என் பேரு சாம்னாங். பாலத்துக்குப் பக்கத்துல டோனட் கடை வச்சிருக்கேன். வண்டியில இன்னும் இருக்கு, எல்லாருக்கும் காணும். முதல்ல டீச்சருக்கு ஒண்ணு வச்சிடலாமா? கம்போடியாவுல நாங்களும் அப்படித்தான், செத்தவங்களுக்கு வச்சிட்டுத்தான் சாப்பிடுவோம்."

மக்காரியோ பெட்டியைப் பார்த்தார். பிறகு தங்கையின் படத்தைப் பார்த்தார்.

"தம்பி, மனசு பெருசு உங்களுக்கு. ஆனா என் தங்கச்சிக்கு நடுவுல ஓட்டை போட்ட பண்டத்தப் படைச்சா, எங்கப்பா குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்து என் காதத் திருகுவாரு."

சாம்னாங் சிரித்தார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "நான் சும்மா எடுத்துட்டு வரல சார். நான் இங்கிலீஷ்ல முதமுதல்ல படிச்ச வார்த்தையே இதுதான். டீச்சர்தான் படிக்க வச்சாங்க. சாப்பாட்டு ஜன்னல்ல."

மக்காரியோவின் முகத்தில் ஈயாடவில்லை. "அது கெடக்கட்டும் தம்பி, அப்புறம் பேசலாம். மிந்தா, இவங்களுக்குக் காபி—"

"இருங்க மானோங்" என்றாள் ஸெனைடா. கருவாட்டு வாசம் அவள் மூக்குக்கு எட்டிவிட்டது. "பையன் பேசட்டும். எந்த ஜன்னல் தம்பி?"

மேடை போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. சாம்னாங் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பள்ளிக்கூடத்துல சாப்பாடு குடுக்கிற ஜன்னல்மா. எனக்குப் பத்து வயசு. அகதி முகாம்லேர்ந்து வந்து ரெண்டு மாசம். வகுப்புல பின் பெஞ்சுல உக்கார வச்சிருவாங்க, ஒண்ணும் புரியாது. மத்தியானம் ஜன்னலுக்குப் போனா டீச்சர் கரண்டியோட நிப்பாங்க. பக்கத்துல ஒரு கரும்பலகை. அன்னிக்கு என்ன சாப்பாடுன்னு எழுதியிருக்கும். 'படி'ம்பாங்க. படிச்சாத்தான் தட்டுல விழும்."

"படிக்கலைன்னா?" என்றாள் ஸெனைடா.

"அவங்களே மெதுவாப் படிச்சுக் காட்டுவாங்க, நாம திருப்பிச் சொல்லணும். யாரையும் பட்டினி போட மாட்டாங்க. ஆனா ரெண்டாவது கரண்டிக்கு நாமளாவே படிக்கணும்."

"முழு வாக்கியமா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் அந்த மெக்ஸிகோக்காரி. அவள் பேர் யோலாண்டா, நகரப் பேருந்து ஓட்டுகிறவள். "சும்மா 'கிழங்கு'ன்னு சொன்னா விழாது. 'எனக்கு இன்னும் கொஞ்சம் கிழங்கு வேண்டும், தயவு செய்து'. அப்பத்தான்! நான் குண்டானதே படிப்பாலதான்!"

கூடம் அதிர்ந்தது. "நானும்! நானும்!" என்று எங்கெங்கிருந்தோ கைகள் உயர்ந்தன. தீயணைப்பு ராட்சதன் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

ஸெனைடா அசையவில்லை. மக்காரியோவைப் பார்த்துத்தான் கேட்டாள். "அப்போ லியோனோரா வந்த புதுசுல டீச்சரில்லையா? சமையல்கட்டுலயா மானோங்?"

ஆரவாரம் மெல்ல அடங்கியது. மிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அங்கிளுக்காக அம்மாவும் அவளும் இத்தனை வருஷம் வாய் திறந்ததில்லை. மக்காரியோவின் கை தன்னால் சட்டைப் பொத்தானைத் தேடியது. பனியனில் பொத்தான் இல்லை.

பதில் சொன்னவர் சாம்னாங். குழப்பத்தோடு சொன்னார்.

"டீச்சரில்லைன்னு யாரு சொன்னாங்க? எங்களுக்கு முதல் நாள்லேர்ந்தே டீச்சர்தான். சமையல்கட்டு மேற்பார்வைக்காரங்க திட்டுவாங்க, 'அவ டீச்சரில்ல, அப்படிக் கூப்பிடாதீங்க'ன்னு. நாங்க எப்படிம்மா நம்புவோம்? கண்ணால பாத்தோமே!"

"என்ன பாத்தீங்க?"

"காலையில! சமையல் வேலைக்கு வர்றவங்க எல்லாம் பின்கதவு வழியா, குப்பைத்தொட்டிப் பக்கமா வருவாங்க. டீச்சர் மட்டும் முன்வாசல்ல வந்து இறங்குவாங்க. ஒரு நீலக் காரு, தெனமும் பளபளன்னு தொடச்சிருக்கும். தொப்பி போட்ட ஒருத்தர் இறங்கி, சுத்தி வந்து, அவங்களுக்குக் கதவத் தொறந்து விடுவாரு. அவங்க கைப்பையோட இறங்கி நேரா நடந்து வருவாங்க. தலைமையாசிரியருக்கே யாரும் கதவு தொறந்து விட்டதில்ல. எங்க முகாம்ல அப்படி ஒருத்தங்க வந்து இறங்கினா, ஒண்ணு மந்திரி, இல்ல வாத்தியாரு. மந்திரி எதுக்கு எங்க பள்ளிக்கூடத்துக்கு வர்றாரு?"

சிரிப்பு எழுந்தது. சாம்னாங் சிரிக்கவில்லை.

"பசங்க எல்லாம் கம்பி வேலிகிட்ட நின்னு பாப்போம். இவங்க பெரிய டீச்சர், இவங்க படின்னா படிக்கணும்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். வகுப்புல வாயத் தொறக்காத நான், அந்த ஜன்னல்ல வாயத் தொறந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை 'டோனட்'னு எழுதியிருந்துது. நானாவே படிச்சேன். அவங்க கரண்டிய வச்சிட்டுக் கையத் தட்டினாங்க. எனக்கு ரெண்டு குடுத்தாங்க." அவர் பெட்டியை ஏந்திக்கொண்டார். "பசங்க எந்த ஜன்னல்ல படிக்கிறாங்கன்னு ஒரு நாள் தலைமையாசிரியருக்கே தெரிஞ்சுபோச்சு. அவருதான் அவங்களப் பரீட்சை எழுதச் சொல்லிப் பின்னாடியே நின்னாரு. வகுப்புக்கு வந்தது அப்புறம்."

நீலக் கார். அது மக்காரியோவுடையது.

பின்கதவில் இறக்கிவிட்டால் தம் ஊர்க்காரன் எவனாவது பார்த்துவிடுவான் என்று ஏழு வருஷமும் முன்வாசலில்தான் நிறுத்தினார். லியோனோரா சிரிப்பாள். "எதுக்கு மானோங் இந்த ஜம்பம்? நான் மறுபடி கட்டடத்தச் சுத்திப் பின்பக்கம் நடக்கணும்" என்பாள். "நட. மதராங் பொண்ணு குப்பைத்தொட்டிப் பக்கம் இறங்க மாட்டா" என்பார் அவர். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து விடுவார். அவள் இறங்கும்போது ஒரு ராணிக்கு இருக்கிற நிமிர்வோடு இறங்குவாள். அண்ணனுக்காக. வேலிக்கு அந்தப் பக்கம் கந்தல் சட்டையோடு பிள்ளைகள் நின்றதை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை.

"மானோங்?" என்றாள் ஸெனைடா. இந்த முறை அவள் குரலில் குத்தல் இல்லை. "அந்தத் தொப்பிக்காரரு..."

மக்காரியோ பின்பக்க ஜன்னலுக்கு நடந்தார். ஒரு கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பிளாஸ்டிக் உறையை உருவினார். பாரோங் சட்டையை உதறிப் போட்டார். கழுத்திலிருந்து கீழ்வரைக்கும் ஒவ்வொரு பொத்தானாக மாட்டினார். பிறகு ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றார். செருப்பு மட்டும் ரப்பர் செருப்புத்தான்.

"நான் மக்காரியோ மதராங். தொப்பி போட்டுக்கிட்டுக் கதவத் தொறந்து விட்டவன் நான்தான்."

யோலாண்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் தங்கை இந்த மண்ணில் கால் வைத்த முதல் நாளிலிருந்தே டீச்சர்." நாற்பது வருஷமாகச் சொன்ன வரி. இன்றைக்குத்தான் அது தொண்டையில் எங்கும் இடிக்காமல் வெளியே வந்தது. அவர் குரல் தானாக உயர்ந்தது. "ஏழு வருஷம் கரண்டியோட டீச்சர். அப்புறம் இருபத்தாறு வருஷம் சாக்பீஸோட டீச்சர். இதுல யாருக்காவது சந்தேகம் இருந்தா இப்ப கேளுங்க. எனக்கு நேரம் இருக்கு. பன்னி வர இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. முதலில் தட்டியவள் ஸெனைடா. சாவிக்கொத்தும் சேர்ந்து சலங்கைபோல் ஒலித்தது.

மக்காரியோ சாம்னாங்கின் மேல்பெட்டியைத் திறந்தார். அவற்றிலேயே பெரிதாக, முழுக்கச் சர்க்கரை பூசியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஒன்றல்ல, இரண்டு. வெள்ளைத் தட்டில் வைத்துத் தங்கையின் படத்துக்கு முன்னால் நேராக வைத்தார். பக்கத்தில் ஒரு குவளை காபி.

"நோரிங், சாப்பிடு" என்றார், வீட்டில் கூப்பிடுகிற பேரைச் சொல்லி. "நம்ம அப்பா கேட்டா நான் பாத்துக்கிறேன்."

பிறகு திரும்பி, "என்ன வேடிக்கை? தட்ட எடுங்க!" என்றார்.

கூடம் கிளம்பிவிட்டது. ராட்சதனும் இன்னும் நாலைந்து பேரும் பெட்டிகளை இறக்கினார்கள். மிந்தா சோற்றுப் பானையை இழுத்து வந்தாள். யோலாண்டா காரிலிருந்து ஒரு அண்டா நிறையச் சோளக் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். ஒரு மோங் பெண் பொரித்த சுருள்களைத் தட்டுத் தட்டாக அடுக்கினாள். யாரும் வெறுங்கையோடு வந்திருக்கவில்லை, கேட்காததால் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சந்தா நினைவூட்டலை ஸெனைடாவே தன் கையால் கிழித்தெறிந்தாள். யோலாண்டா பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: சோறு. கொழுக்கட்டை. சுருள். டோனட்.

வரிசை தானாக நின்றுவிட்டது. மூத்தவர் என்பதால் மக்காரியோவை முன்னால் விட்டார்கள். அவர் தட்டை நீட்டினார். மேஜைக்கு அந்தப்புறம் இடுக்கியோடு நின்ற சாம்னாங் தட்டில் எதையும் போடவில்லை.

"படிங்க சார்."

மதராங் குடும்பத்து மூத்தவரை இப்படி வரிசையில் நிறுத்தி எவனும் படிக்கச் சொன்னதில்லை.

மக்காரியோ தொண்டையைச் செருமினார். முதுகை இன்னும் ஒரு நூல் நிமிர்த்தினார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வேதவாசகம் படிக்கிற குரலில், ஒவ்வொன்றாக, கடைசி நாற்காலிக்குக் கேட்கும்படி படித்தார். சாம்னாங் ஒரு டோனட்டை வைத்தார்.

"இன்னொண்ணு" என்றார் மக்காரியோ.

"முழு வாக்கியம்!" என்று கூடமே கத்தியது.

"எனக்கு இன்னும் ஒரு டோனட் வேண்டும்" என்றார் அவர். ஒரு கணம் நிறுத்தினார். யாருக்கும் அவர் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. "தயவு செய்து."

அப்புறம் நடந்த கூச்சலில், வெளியே வந்து நின்ற வண்டியின் ஹாரன் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு மணி சொச்சத்துக்குப் போயெட்டும் இன்னும் மூன்று பேரும், கண்ணாடிபோல் மின்னுகிற பன்றியைப் பல்லக்குபோல் தோளில் சுமந்து வாசலுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகளோடு, மூடிய தட்டுகளோடு, ஊர் ஜனங்கள் மொத்தமும்.

"என்ன மானோங், ரொம்பச் சீக்கிரம் வந்துட்டோமா?" என்று முன்னால் வந்த ஒருவர் வழக்கப்படி கேட்டார். உள்ளே சாப்பிட்டு முடித்துக் கலகலத்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

மக்காரியோ வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மீசையில் சர்க்கரை ஒட்டியிருந்தது.

"வரிசையில நில்லுங்க" என்றார். "போயெட், நீ பன்னியோட சேத்துத்தான். அதோ பலகை. ஒவ்வொருத்தரா வந்து படிங்க. அப்புறந்தான் சோறு."